இன்காக்னிட்டோவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

நந்தினி: சித்தப்பா, நேற்று நம் அரட்டைக் குழுவில் நீங்கள் அனுப்பிய, இன்காக்னிட்டோ என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர்களுடைய மற்ற ஆல்பங்களைத் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு குரல்கள் ஒலிக்கின்றன. நான் எதிலிருந்து தொடங்கட்டும்?

சேகர் சித்தப்பா: 1992இல் வெளிவந்த 'ட்ரைப்ஸ், வைப்ஸ் அண்ட் ஸ்க்ரைப்ஸ்' ஆல்பத்திலிருந்து தொடங்கு, நந்தினி. குரல்கள் மாறுவதைக் கண்டு குழம்பாதே. மொரீஷியஸில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே லண்டனுக்கு வந்து சேர்ந்த 'ப்ளூயி' மௌனிக் என்ற கித்தார் கலைஞர்தான் 1979இல் இந்த இசைக்குழுவைத் தொடங்கினார். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வருவதும் போவதுமாக இருந்தாலும் அவர் மட்டும் அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறார். ஆகவே பாடகரைப் பின்தொடராமல், தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கித்தாரும் டிரம்பெட், சாக்சபோன் வரிசையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் விதத்தைக் கவனித்துக் கேள்.

அருண்: சித்தப்பா, 'ஆல்வேஸ் தேர்' பாடலை விட்டுவிட்டு யாராவது 1992இலிருந்து தொடங்குவார்களா? 1991இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறிய பாடல் அது.

சேகர் சித்தப்பா: பாடலைக் குறை சொல்லவில்லை, அருண். ரானி லாஸ் 1975இல் சாக்சபோனில் வாசித்து வெளியிட்ட மெட்டுக்கு, அடுத்த ஆண்டில் சைட் எஃபெக்ட் குழு சொற்களோடு உயிர் கொடுத்தது. இன்காக்னிட்டோ அதை ஜோசலின் பிரவுனைப் பாடவைத்து மீட்டெடுத்தது. ஆனால் நடனக் கூடங்களில் நீங்களெல்லாம் கேட்டது டேவிட் மொராலெஸ் நடனத்துக்காக மாற்றியமைத்த ரீமிக்ஸ். அந்த வேகத்தை எதிர்பார்த்து, அந்தப் பாடல் இடம்பெற்ற 'இன்சைட் லைஃப்' ஆல்பத்தை முழுவதும் கேட்கிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் அது இன்னும் தன் நடையைத் தேடிக்கொண்டிருக்கும் ஆல்பம்.

செல்வி அத்தை: அண்ணா, இவர்களை ஏன் ஆசிட் ஜாஸ் என்று வகைப்படுத்துகிறார்கள்? எனக்கு இது எழுபதுகளின் சோல் இசை போலத்தான் கேட்கிறது.

சேகர் சித்தப்பா: உன் காது சரியாகத்தான் சொல்கிறது, செல்வி. எண்பதுகளின் பிற்பகுதியில் லண்டன் கிளப்புகளில் பழைய சோல், ஃபங்க், ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து ஓட்டிய டிஜேக்களைச் சுற்றித்தான் இந்த ஆசிட் ஜாஸ் அலை எழுந்தது. அவர்களில் ஒருவரான ஜைல்ஸ் பீட்டர்சன், எடி பில்லருடன் சேர்ந்து ஆசிட் ஜாஸ் என்ற பெயரிலேயே ஒரு இசை நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு அதிலிருந்து விலகி டாக்கின் லவுட் நிறுவனத்தை உருவாக்கினார். 1981இல் 'ஜாஸ் ஃபங்க்' என்ற ஒரே ஆல்பத்தை வெளியிட்டுவிட்டுப் பத்தாண்டுகள் அடுத்த ஆல்பம் இல்லாமல் இருந்த இன்காக்னிட்டோவுக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது அந்த டாக்கின் லவுட்டில்தான்.

நந்தினி: நேற்று நான் கேட்ட பாடலில் தாழ்ந்த குரலில் பாடும் பெண் யார், சித்தப்பா?

சேகர் சித்தப்பா: அவர் பால்டிமோரைச் சேர்ந்த மைசா லீக், அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் பின்னணிக் குழுவில் பாடியவர். நீ கேட்ட 'டோன்ட் யூ வொரி பவுட் எ திங்', ஸ்டீவி வொண்டர் 1973இல் வெளியிட்ட பாடல் என்பதால், பழைய முதலாளியின் பாட்டையே அவர் பாடிப் புகழ் பெற்றார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அவருடைய குரலை முழுமையாக அறிய 1993இன் 'பாசிட்டிவிட்டி' ஆல்பத்துக்குப் போ. அதில் பாடகர் மார்க் ஆண்டனியுடன் அவர் இணைந்து பாடும் 'ஸ்டில் எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்', பிரிந்த பின்னும் நட்பை விடாத இருவரைப் பற்றியது. அழுகையோ குற்றச்சாட்டோ இல்லாமல் அதைச் சொல்வதால்தான் எனக்கு இன்றும் சலிக்கவில்லை. 'டீப் வாட்டர்ஸ்' பாடலை மட்டும் தயவுசெய்து கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதே, பேஸ் முழுவதும் காணாமல் போய்விடும்.

அருண்: மைசா தனி ஆல்பம் வெளியிடப் போன பிறகு குழு தளர்ந்துவிட்டது என்பது என் கருத்து.

சேகர் சித்தப்பா: அதை நான் ஏற்கமாட்டேன். 1995இன் '100 டிகிரீஸ் அண்ட் ரைசிங்' ஆல்பத்தில் ஜாய் மால்கம் 'எவ்ரிடே' பாடுவதை ஒருமுறை நிதானமாகக் கேட்டுவிட்டுப் பேசு. அடுத்த ஆண்டு வந்த 'பினீத் தி சர்ஃபேஸ்' ஆல்பத்தில் பாடிய இமானி, 1998இல் நாடுகளுக்கிடையேயான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பிரிட்டன் சார்பில் பாடி இரண்டாம் இடம் பெற்றார். தளர்ந்த குழுவுக்கு அப்படிப்பட்ட குரல்கள் தேடி வருமா?

செல்வி அத்தை: சமைக்கும்போது மெதுவாக ஓடவிடுவதற்கு ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணா.

சேகர் சித்தப்பா: 2006இல் வந்த 'பீஸ் அண்ட் திங்ஸ் அண்ட் ஃப்ளவர்ஸ்' உனக்குப் பொருந்தும், செல்வி, தங்களுடைய பழைய பாடல்கள் சிலவற்றையும் பிறர் பாடல்களையும் அதில் மிக அடக்கமாக வாசித்திருக்கிறார்கள். நந்தினி மட்டும் அதை இப்போது தொட வேண்டாம், மூலப் பாடல்கள் மனத்தில் பதிந்த பிறகே அந்த மாற்றங்கள் சுவைக்கும்.

நந்தினி: சரி சித்தப்பா, 1992, 1993, 1995 என்ற வரிசையில் கேட்கிறேன். 1981 ஆல்பத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாமா?

சேகர் சித்தப்பா: வைத்துக்கொள். அதில் பாட்டு குறைவு, வாசிப்பே மிகுதி. மற்றவற்றைக் கேட்ட பிறகு அதைக் கேட்டால், ப்ளூயியின் ஊதுகருவி அமைப்பு அப்போதே உருவாகிவிட்டது உனக்குப் புரியும்.

அருண்: நந்தினி, அதற்கிடையில் அந்த மொராலெஸ் ரீமிக்ஸையும் அனுப்புகிறேன். சித்தப்பாவிடம் சொல்லாதே.

சேகர் சித்தப்பா: இந்த அரட்டைக் குழுவில் நானும் இருக்கிறேன், அருண்.