46 சதவீதம் ஒரு பதிலா? முதியோர் ரயில் சலுகையும் நாடாளுமன்றக் கேள்விகளும்

ஈரோடு_சந்திப்பு:
நேத்து இன்னொரு இழையில பழைய_செக்‌ஷன் ஐயா எழுதினது இது: "எம்.பி.க்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அரசு எழுத்துப்பூர்வமாகப் பதில் தருகிறது. பதில் இல்லை என்பவர்கள் பதிலைப் படிக்காதவர்கள்." எரிச்சல் அடங்கலைங்க. அதான் தனி இழை.

நான் படிச்சவனுங்க. முதியோர் ரயில் சலுகையையே எடுத்துக்குவோம். 60 வயசு ஆன ஆம்பளைங்களுக்கு 40 சதவீதம், 58 ஆன பொம்பளைங்களுக்கு 50 சதவீதம் இருந்தது. 2020 மார்ச் 20-ல கொரோனான்னு நிறுத்துனாங்க. கொரோனா போச்சு, வண்டியெல்லாம் ஓடுது, சலுகை மட்டும் வரலை. ரெண்டு அவையிலயும் பல கட்சி எம்.பி.க்கள் மாத்தி மாத்திக் கேட்டாச்சு. கேள்வி ரொம்ப எளிசு: (அ) திரும்பத் தருவீங்களா? (ஆ) தருவீங்கன்னா எப்போ? (இ) இல்லைன்னா ஏன்?

பதில் எப்படி வருது? "(அ) முதல் (இ) வரை" அப்படின்னு மூணையும் ஒரே மூட்டையாக் கட்டிடுறாங்க. 2022-23-ல பயணச்சீட்டுக்கு 56,993 கோடி மானியம் கொடுத்தோம், சராசரியா ஒவ்வொரு பயணிக்கும் 46 சதவீதம் சலுகை, 100 ரூபாய் செலவாகுற சேவைக்கு 54 ரூபாய்தான் வாங்குறோம். அவ்வளவுதான்.

வருமா வராதா? அந்த 46-க்குள்ள எங்கே இருக்கு, காட்டுங்க.

பழைய_செக்‌ஷன்:
என் பெயரைச் சொல்லி இழை தொடங்கியதால் வந்தேன். ஒரு துறையின் நாடாளுமன்றப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி (அவையில் வாய்மொழிப் பதில்), 230 நட்சத்திரமில்லாக் கேள்வி (எழுத்துப் பதில் மட்டும்). மாநிலங்களவையில் 15-ம் 160-ம். கூட்டத்தொடர் நடக்கும்போது அந்தப் பிரிவுகளில் யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனதில்லை. மண்டல அலுவலகங்களிலிருந்து தகவல் வாங்கி, நிதிப் பிரிவில் சரிபார்த்து, செயலாளர் பார்த்து, அமைச்சர் பார்த்து, அச்சுக்குப் போகும். அதை "மூட்டை" என்கிறீர்கள்.

மூன்று உட்கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்று என்றால் ஒரே பதிலாகச் சேர்ப்பது நெடுநாள் நடைமுறை. எந்தக் கட்சி ஆட்சியிலும் இதுதான். 46 சதவீதம் என்பது காரணம். அதுதான் (இ)-க்குப் பதில்.

ஈரோடு_சந்திப்பு:
(இ)-க்குப் பதில்னு நீங்க சொல்றீங்க. காகிதத்துல (இ)-ன்னு தனியா எழுதலையே? (அ)-வுக்கு "இல்லை"ன்னு ஒரு வார்த்தை எழுத எத்தனை மண்டல அலுவலகத்துல தகவல் வாங்கணும்?

தாமிரபரணி:
அண்ணாச்சி சரியாத்தான் கேக்காரு. எங்க பக்கம் நெல்லை எக்ஸ்பிரஸ்ல வயசானவங்க எத்தனை பேரு மெட்ராஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறாவ. அவங்களுக்கு இந்த 46 என்ன செய்யும்?

கணக்கன்:
உணர்ச்சியை ஓரமா வச்சுட்டு எண்ணைப் பாருங்க மக்களே. ரயில்வே பயணிகள் பிரிவுல நட்டம், சரக்குல வர்ற காசை வச்சு அதை ஈடுகட்டுறாங்க. நிலக்கரி, சிமெண்ட், இரும்பு ஏத்துற தொழிற்சாலைக்காரன் அதிகக் கட்டணம் கட்டித்தான் நம்ம டிக்கெட் மலிவா இருக்கு. அந்தச் சுமை கடைசியில விலைவாசியா நம்ம தலையிலதான் விடியும். இன்னும் சலுகை கேட்டா எங்கிருந்து வரும்? 46 சதவீதம் கொடுக்குறாங்களே, அது போதாதா?

ஈரோடு_சந்திப்பு:
கணக்கன் தம்பி, பேர்லயே கணக்கு வச்சிருக்கீங்க, கணக்கே பேசுவோம். இதே ரயில்வே அமைச்சர் இதே நாடாளுமன்றத்துல கொடுத்த எண்: முதியோர் சலுகையால 2019-20-ல இழந்த வருமானம் 1,667 கோடி. அதே வருஷம் மொத்தப் பயணிகள் மானியம்னு அவங்க சொன்னது 59,837 கோடி. 1,667-ஐ 59,837-ஆல வகுங்க. மூணு சதவீதம்கூட வராது. அந்த மூணைத் தர முடியாததுக்கு 46-ஐக் காட்டுறாங்க.

அப்புறம் அந்த 46 எல்லாருக்கும் சராசரி. புறநகர் வண்டியில அஞ்சு ரூபாய்ச் சீட்டுல போறவர், முன்பதிவில்லாப் பெட்டியில நின்னுட்டுப் போறவர் எல்லாத்தையும் சேர்த்து வந்தது. மாவட்டத்துல சராசரி மழை பெஞ்சிருக்குன்னு சொன்னா என் கிணத்துல தண்ணி ஊறிடுமா? ஏசி மூன்றடுக்கு தன் செலவைத் தானே ஈடுகட்டுற வகுப்புன்னு தணிக்கைத் துறை அறிக்கையிலயே சில வருஷம் வந்திருக்கு. அந்தப் பெட்டியில படுத்துட்டுப் போற 70 வயசுப் பாட்டிக்கு 46 எங்கிருந்து வந்தது?

கணக்கன்:
ஏசியில போறவங்களுக்கு எதுக்கு சலுகை? இதைத்தான் நான் கேக்குறேன்.

ஈரோடு_சந்திப்பு:
அதை நீங்க கேளுங்க, அரசு அப்படிச் சொல்லட்டும்! "ஏசிக்குத் தர மாட்டோம், ஸ்லீப்பருக்குத் தருவோம்"னு சொன்னா அது பதில். நாடாளுமன்ற ரயில்வே நிலைக்குழு ஸ்லீப்பர், ஏசி மூன்றடுக்கு ரெண்டுலயாவது பரிசீலிங்கன்னு பரிந்துரைச்சது. அதைப் பத்தி எம்.பி. கேட்டாலும் 46-தான் வருது.

கடலூர்க்காரி:
2019-20-க்கு அவங்க சொன்ன சராசரி 53 சதவீதம். 2022-23-க்கு 46. ரெண்டு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, வாக்கியம் அப்படியே இருக்கு, எண் மட்டும் மாறியிருக்கு. பெருமையா சொல்ற சலுகையே ஏழு புள்ளி குறைஞ்சிருக்கு. ஏன் குறைஞ்சதுன்னு ஒரு எம்.பி.யும் துணைக்கேள்வி கேக்கலையா?

பழைய_செக்‌ஷன்:
அம்மா, நட்சத்திரமில்லாக் கேள்விக்குத் துணைக்கேள்வி கிடையாது. அது எழுத்துப் பதில் மட்டுமே. நட்சத்திரக் கேள்விக்குத்தான் அவையில் எழுந்து துணைக்கேள்வி கேட்க முடியும். அதுவும் குலுக்கலில் முன்வரிசை வர வேண்டும், அவை அமளியின்றி நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 20 கேள்வியும் வாய்மொழியாக முடிவது அரிது. எஞ்சியவை மேசையில் வைக்கப்பட்ட எழுத்துப் பதிலோடு நின்றுவிடும். அமளி செய்து கேள்வி நேரத்தைக் கெடுப்பது யார் என்பதையும் எழுதுங்கள்.

கடலூர்க்காரி:
2020 செப்டம்பர்ல கேள்வி நேரத்தையே எடுத்தது யாருன்னு எழுதலாமா ஐயா? அப்ப அமளி இல்லையே. எழுத்துப் பதில் மட்டும்னு சொன்னாங்க. அந்தக் கூட்டத்தொடர்லதான் ஊரடங்குல செத்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர்னு கேட்டதுக்கு, அப்படித் தரவு பராமரிக்கப்படலைன்னு தொழிலாளர் துறை சொன்னது. தரவு இல்லாததால நிவாரணம் பத்தின கேள்வியே எழலையாம். அதே வாரத்துல மாநிலங்களவையில ரயில்வே சொல்லுது, செப்டம்பர் 9 வரைக்கும் புலம்பெயர் தொழிலாளரை ஊருக்கு ஏத்திட்டுப் போன ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள்ல 97 பேர் இறந்ததா தகவல்னு. ஒரு துறை கிட்ட எண்ணே இல்லை, இன்னொரு துறை கிட்ட 97. ரெண்டும் ஒரே அரசுதான்.

பழைய_செக்‌ஷன்:
இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ரயிலுக்குள் நடந்தது ரயில்வே கணக்கு. நாடு முழுக்க நடந்தது மாநிலங்கள் தர வேண்டிய கணக்கு.

கடலூர்க்காரி:
கேட்டு வாங்கலாமே? "தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்"னு எழுத ஏன் கை வரலை?

ஈரோடு_சந்திப்பு:
ஏன் வரலைன்னு நான் சொல்றேன். அப்படி எழுதினா அது உறுதிமொழி. 1953-ல இருந்து மக்களவையில அரசு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. "தகவல் திரட்டப்படுகிறது", "பரிசீலனையில் உள்ளது" மாதிரி வாசகங்களுக்கு ஒரு பட்டியலே வச்சிருக்காங்க. அதுல ஒண்ணு பதில்ல விழுந்துட்டா மூணு மாசத்துல நிறைவேத்தணும், இல்லைன்னா அவகாசம் கேட்டுக் குழு முன்னாடி போய் நிக்கணும். "தரவு பராமரிக்கப்படவில்லை"ன்னு எழுதிட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க. முதியோர் சலுகைப் பதிலும் அதே ரகம்தான். 46 சதவீதம் தந்துட்டு இருக்கோம், மாற்றுத்திறனாளி 4 வகை, நோயாளி 11 வகை, மாணவர் 8 வகைக்குச் சலுகை தொடருது. எதிர்காலத்தைப் பத்தி ஒரு எழுத்து இருக்கா? பிடிக்க ஒரு நுனி இல்லாம நெய்திருக்காங்க. ஐயா செக்‌ஷன்ல இருந்தவர்தானே, வேணும்னேதான் இப்படி எழுதுவாங்களான்னு அவரே சொல்லட்டும்.

பழைய_செக்‌ஷன்:
என் பணிக்காலத்தை இழுக்க வேண்டாம். தவறான தகவல் போகக் கூடாது என்பதற்காகக் கவனமாக எழுதுவோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதோடு நீங்கள் மறைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 2022 ஜூலையில் மக்களவையில் அமைச்சர் தெளிவாகப் பதில் தந்தார். மூத்த குடிமக்கள் உட்பட எல்லாப் பிரிவினருக்கும் சலுகையை விரிவுபடுத்துவது தற்போது விரும்பத்தக்கது அல்ல என்றார். நீங்கள் காட்டிய 1,667 கோடியும் அந்த நாட்களில் வந்த எண்தான். "வருமா வராதா" என்றீர்களே, "இப்போது வராது" என்பது அன்றே பதிவாகியிருக்கிறது. பதிலே இல்லை என்று இழை தொடங்கிவிட்டு, பதிலில் இருந்த எண்ணையே எடுத்துக் கணக்குப் போடுகிறீர்கள்.

கணக்கன்:
முடிஞ்சது. இழையைப் பூட்டலாம்.

ஈரோடு_சந்திப்பு:
எதுக்குப் பூட்டணும்? நான் கேக்குறது அந்தப் 46-ஐ. 2022-ல "விரும்பத்தக்கது அல்ல"ன்னு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு அதுக்கப்புறம் வந்த பதில்கள்ல ஏன் எழுத வரலை? "தற்போது"ன்னு சொன்னாங்க, அந்தத் தற்போது முடிஞ்சதா இல்லையா? அதைத்தானே எம்.பி.க்கள் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. ஒரு தடவை சொன்ன "இல்லை"யை மறுபடி சொல்லாம 46-க்குப் பின்னால ஒளிஞ்சா, அதுக்குப் பேர் பதில் கிடையாதுங்க.

மார்க்கண்டன்:
ரயில்வேயைத் திட்ட ஈரோட்டுக்காரருக்கு எப்பவும் நேரம் இருக்கும். மாநில அரசு பஸ்ஸைப் பத்தி ஒரு வரி வராது. சென்னை மாநகரப் பேருந்துல மூத்த குடிமக்களுக்கு மாசம் 10 இலவச டோக்கன். ஈரோட்டுல இருக்குற முதியவர் முதியவர் இல்லையா? மகளிருக்கு 2021-ல இருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துல இலவசம், நல்லது. 75 வயசுத் தாத்தா முழு டிக்கெட் எடுத்துட்டு நிக்கிறார். இதைச் சட்டமன்றத்துல கேட்டா மட்டும் நேர்ப் பதில் வந்துடுமா? "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்."

தாமிரபரணி:
ஏ மார்க்கண்டா, போன மாசம் மெட்ரோ இழையிலயும் இப்படித்தான் நடுவுல பஸ்ஸ விட்ட. எதப் பேசினாலும் "அங்க பாரு"ங்க. இது ரயில் இழை.

மார்க்கண்டன்:
தலைப்பைப் படி. அரசு எப்படிப் பதில் சொல்லுதுங்கறதுதான் பேச்சு. சட்டமன்றத்துல இருக்குறதும் அரசுதான். விதி 110-ல முதல்வர் அறிக்கை படிச்சா யாரும் கேள்வியே கேக்க முடியாது. அந்த அம்மா காலத்துல அதை ஜனநாயகப் படுகொலைன்னு எழுதின ஆளுங்க இந்த இழையிலயே இருக்காங்க. 2024 ஜூன்ல ஓசூர் விமான நிலையத்தை அதே 110-ல அறிவிச்சப்ப கைதட்டினாங்க.

ஈரோடு_சந்திப்பு:
ஓசூரை எடுத்தீங்களா, நல்லதாப் போச்சு. தொழிற்பேட்டை உள்ள ஊரு, விமான நிலையம் எப்போன்னு நம்ம எம்.பி. நாடாளுமன்றத்துல கேட்டார். ஒன்றிய அரசு என்ன சொன்னது? பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள்ள 25 வருஷத்துக்குப் புது விமான நிலையம் வர முடியாது, 2008-ல தொடங்கினது, 2033 வரைக்கும் தடை. எனக்கு அந்தப் பதில் பிடிக்கலைங்க. ஆனா அது பதில். என்ன தடை, எவ்வளவு தூரம், எந்த வருஷம் வரைக்கும், எல்லாம் இருக்கு. அதை வச்சு அடுத்த கேள்வி கேக்கலாம், சண்டை போடலாம். விமானத்துக்கு இப்படி எழுதத் தெரியுது. ஸ்லீப்பர்ல போற கிழவிக்கு மட்டும் 46.

மார்க்கண்டன்:
110-க்குக் கைதட்டினீங்களா இல்லையா? அதுக்குப் பதில் சொல்லுங்க.

ஈரோடு_சந்திப்பு:
110-ல கேள்வி கேக்க விடாததும் தப்புதான், யார் செஞ்சாலும். கைதட்டினேன்னு எங்க பார்த்தீங்க? இழையைக் காட்டுங்க.

மார்க்கண்டன்:
தேடித் தர்றேன். இருங்க.

நெறியாளர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். விதி 110-க்குத் தனி இழை இருக்கிறது. நாடாளுமன்றக் கேள்வி பதிலோடு நில்லுங்கள்.

பழைய_செக்‌ஷன்:
கடைசியாக ஒன்று. பதில் போதவில்லை என்றால் உறுப்பினருக்கு வழி உண்டு. மக்களவையில் விதி 55-ன்படி அரைமணி நேர விவாதம் கேட்கலாம். அமைச்சர் சொன்னதில் பிழை இருந்தால் சபாநாயகரின் 115-ஆவது நெறிமுறைப்படி எழுதிக் கொடுக்கலாம். வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினால் உரிமை மீறல். இவற்றையெல்லாம் உங்கள் எம்.பி. பயன்படுத்தினாரா என்று முதலில் அவரைக் கேளுங்கள். பதிலை எழுதிய எழுத்தரைத் திட்டுவது எளிது.

கடலூர்க்காரி:
எழுத்தரை யாரும் திட்டலை ஐயா. கையெழுத்து அமைச்சரோடது. 115 பிழைக்குத்தான். 46-ங்கற எண்ணுல பிழை இல்லை. கேக்காத கேள்விக்குச் சரியான எண். அதுக்கு எந்த விதியில போறது?

கணக்கன்:
எண் சரின்னு ஒத்துக்கிட்டீங்கல்ல? அப்புறம் என்ன? அதோட 53 எப்படி 46 ஆச்சுன்னு கேட்டீங்களே, ஏசிப் பெட்டியில போறவங்க கூடினா வருமானம் கூடும், செலவுக்கும் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். அது நல்ல செய்தி.

ஈரோடு_சந்திப்பு:
நல்ல செய்தின்னா அதையும் பதில்ல எழுதட்டும் தம்பி! ஸ்லீப்பர் பெட்டியைக் குறைச்சு ஏசிப் பெட்டியைக் கூட்டினதாலயா, சலுகையை நிறுத்தினதாலயா, எதனால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லட்டும். 1,667 கோடி நிறுத்தினதும் அந்த ஏழு புள்ளிக்குள்ளதானே இருக்கு? கிழவன் கிழவிகிட்ட வாங்கின காசையும் சேர்த்து இடைவெளியைக் குறைச்சுட்டு, மீதி 46-ஐக் காட்டி "உங்களுக்கும்தான் தர்றோம்"ங்கறாங்க.

ஐயா, நீங்க செக்‌ஷன்ல இருந்தவர்னு நீங்களே சொல்லிட்டீங்க. இப்ப நீங்களே எழுதிக் காட்டுங்க. (அ) திரும்பத் தருவீங்களா? ஆம் அல்லது இல்லை. அதுக்கு அப்புறம் (ஆ), (இ). மூணையும் தனித்தனியா, 46 வராம.

பழைய_செக்‌ஷன்:
நான் ரயில்வே அமைச்சகம் அல்ல.

ஈரோடு_சந்திப்பு:
நீங்களும் (அ)-வுக்குப் பதில் சொல்லலை.

மார்க்கண்டன்:
கைதட்டின இழை கிடைச்சிடுச்சு. ஸ்க்ரீன்ஷாட் போடுறேன்.

தாமிரபரணி:
போடு, பாப்போம். அது ஈரோட்டு அண்ணாச்சி எழுதினதா, பேர் ஒண்ணா இருக்குற வேற ஆளான்னும் பாத்துக்க. போன தடவையும் அப்படித்தான் மாட்டின.