கேஸ் ஃபயர்பிளேஸைச் சுற்றி டிரைவால்: எது வரைக்கும் அடிக்கலாம்?

கேள்வி:
நியூ ஜெர்சி வீட்டில் டைரக்ட் வென்ட் (வெளிக்காற்றை இழுத்து, புகையையும் வெளியே விடும் மூடிய வகை) கேஸ் ஃபயர்பிளேஸ் வைக்கிறோம். 6 அடி அகலத்துக்கு 2x4 மரச்சட்டம் கட்டி, அரை அங்குல டிரைவால் (தாள் ஒட்டிய ஜிப்சம் போர்டு) அடித்து, பெயிண்ட் பூசுவதாகத் திட்டம். திறப்பின் விளிம்பு வரை டிரைவாலே போதுமா? தீ தாங்கும் வகை டிரைவாலான டைப் எக்ஸ் போட்டால் சமாளிக்கலாமா? மூலையில் விரிசல் விடாமல் இருக்க என்ன செய்வது?

பதில் 1:
டைப் எக்ஸ் இதற்குத் தீர்வு ஆகாது. வீடு தீப்பற்றினால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கத்தான் அது. தினமும் மணிக்கணக்கில் சூடு படுகிற இடத்தில் அதுவும் சாதாரண போர்டு மாதிரிதான். ஜிப்சத்தின் எடையில் சுமார் 21% அதனோடு பிணைந்த நீர். தொடர்ந்து 52 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அந்த நீர் மெல்ல வெளியேறும், போர்டு பொடியும், மேல் தாள் பழுத்துப் பழுப்பாகும்.

உங்கள் யூனிட்டின் மேனுவலில் 'எரியாத பொருள் மட்டும்' என்று ஒரு பகுதியை அளவோடு வரைந்திருப்பார்கள். அதற்குள் அரை அங்குல சிமெண்ட் போர்டு, வெளியே டிரைவால். தடிமன் ஒன்றே என்பதால் முகம் சமமாக வரும். சட்டமும் மரமா, ஸ்டீல் ஸ்டட்டா (ஸ்டட் என்பது சட்டத்தின் நிமிர்ந்த கட்டை) என்பதை அதே படம் சொல்லும், மீற வேண்டாம். இரண்டு போர்டும் சேரும் கோட்டுக்குப் பின்னால் ஸ்டட் இருக்க வேண்டும். எவ்வளவு நன்றாக டேப் ஒட்டினாலும் அந்தக் கோடு பிறகு மயிரிழையாகத் தெரியும். டைல் ஓரமோ மரச்சட்டமோ அதை மூடும்படி இப்போதே வடிவத்தை யோசித்துவிடுங்கள்.

பதில் 2:
விரிசலுக்கு முக்கியக் காரணம், போர்டின் இணைப்பு திறப்பின் மூலைக்கு நேராக வருவது. மரம் உலர்ந்து அசையும்போது இழுவிசை மூலையில்தான் குவியும். அதனால் முழு ஷீட்டைத் திறப்பின் மேல் நிறுத்தி, அடித்த பிறகு ரம்பத்தால் வெட்டி எடுங்கள். இணைப்பு மூலையிலிருந்து ஒரு ஸ்டட்டாவது தள்ளி இருக்கட்டும்.

ஸ்க்ரூ ஒன்றேகால் அங்குலம், ஓரத்தில் 8 அங்குலத்துக்கு ஒன்று. தலை தாளைக் கிழிக்காமல் சற்றே உள்ளே அமுங்க வேண்டும். தாள் கிழிந்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது, பக்கத்திலேயே இன்னொன்று போடுங்கள்.

வெளி மூலைக்குத் தாள் ஒட்டிய மெட்டல் கார்னர் பீட் (மூலையைக் காக்கும் பட்டை) நல்லது, ஆணி அடிக்கிற பீடைவிட விரிசல் குறைவு. வலை டேப் போட்டால் முதல் பூச்சு, தண்ணீரில் கலந்தால் 90 நிமிடத்தில் இறுகும் பவுடர் காம்பவுண்ட்தான் (இணைப்பை நிரப்பும் பூச்சு). வாளியில் வரும் ரெடி மிக்ஸ் வலையோடு சேர்ந்தால் விரிசல் விடும். பேப்பர் டேப் என்றால் அடியில் காம்பவுண்ட் குறையாமல் இருக்க வேண்டும், குறைந்த இடத்தில் குமிழ் எழும்பும்.

மேல் பூச்சுகளுக்கு 10, 12 அங்குலப் பூச்சுத் தகடு. ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாள் விடுங்கள். பிறகு 150 கிரிட் உப்புத்தாள். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். அப்புறம்தான் பிரைமர்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மேலே மரத்தில் மேன்டல் (ஃபயர்பிளேஸுக்கு மேலே நீளும் தட்டு) வைத்தால்? திறப்பிலிருந்து 6 அங்குலம் விட்டால் போதும் என்கிறார்கள்.

பதில் 1:
அந்த 6 அங்குல விதி விறகு எரிக்கும் செங்கல் ஃபயர்பிளேஸுக்கானது. கேஸ் யூனிட்டுக்கு மேனுவலில் தனி அட்டவணை இருக்கும். மேன்டல் எத்தனை அங்குலம் முன்னால் நீள்கிறதோ, அதற்கேற்ப உயரமும் கூடும். அதன் எடையைத் தாங்கும் குறுக்குக் கட்டையை டிரைவால் மூடுவதற்கு முன்பே ஸ்டட்டுகளுக்கு நடுவில் அடித்து, எந்த உயரத்தில் இருக்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.