சீனப் பூண்டு பிடிபட்டால் கஸ்டம்ஸ் ஏலம் விட்டு மண்டிக்கு வந்துடுமா?

கேத்திக்காரன்:
வணக்கம். நீலகிரி கேத்தி பாலாடாவில் எங்க பூண்டு பிடுங்குற பதத்துக்கு வந்தாச்சு. இந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுத்துது. துறைமுகத்தில் சீனப் பூண்டு கன்டெய்னர் கன்டெய்னரா பிடிபட்டிருக்காம், கஸ்டம்ஸ்காரங்க ஏலம் விட்டு மொத்தமும் மேட்டுப்பாளையத்தில் இறங்கப் போகுதாம், அதுக்குள்ள வித்துடுங்கன்னு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தாள்கூட காயாமல் மூட்டை கட்டிட்டார். பிடிச்ச சரக்கை அரசாங்கமே ஏலம் விடுமா? இன்னொண்ணு, அந்த ஏலத்தில் பவர் டில்லர் எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

மண்டி மணி:
ஆடியோவைப் போட்டது விக்கிறவரா வாங்குறவரான்னு முதல்ல விசாரிங்க. ஈரப் பூண்டை மூட்டை கட்டினா எடையில் கழிச்சுப்போம், அதில் யாருக்கு லாபம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டிப் பூண்டை வடக்கே இருந்து விதைக்கு வாங்க வர்றாங்க. அவங்க சீனப் பூண்டைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க.

அருவங்காடு தாத்தா:
தம்பி, தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் (இறக்குமதியாளருக்காக கஸ்டம்ஸ் வேலை பார்க்கிறவர்) ஆபீசில் தலை நரைச்சவன் நான். ரிட்டையர் ஆகி மகன் வீட்டோட இங்கே வந்துட்டேன். ஆடியோ பேசினவர் ரெண்டு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்பியிருக்கார்.

ஆள் வராமல் கிடக்கிற சரக்கு ஒண்ணு. விலை விழுந்திருக்கும், வரவழைச்ச பார்ட்டி கைவிட்டிருப்பான், இல்லை டெமரேஜ், அதான் எடுக்காமல் கிடக்கிறதுக்கு ஏறுற வாடகை, சரக்கு விலையைத் தாண்டியிருக்கும். 1962 கஸ்டம்ஸ் சட்டம் 48ஆம் பிரிவுப்படி, இறக்கின 30 நாளில் எடுக்கலைன்னா இறக்குமதியாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, கஸ்டம்ஸ் அனுமதியோட வித்துடலாம். விக்கிறது பெரும்பாலும் கஸ்டம்ஸ் இல்லை, சரக்கைப் பாதுகாப்பில் வெச்சிருக்கிற யார்டுக்காரர், அதாவது கன்டெய்னர் கிடங்குக்காரர். அழுகுற சரக்குன்னா 30 நாள்கூட காத்திருக்க வேண்டாம். ஏலப் பணத்தைப் பிரிக்கிறதுக்கும் வரிசை உண்டு: முதல்ல ஏலச் செலவு, அப்புறம் கப்பல் கூலி, அப்புறம்தான் அரசாங்கத்தோட இறக்குமதி வரி, அதுக்குப் பின்னாடி யார்டு வாடகை, அரசாங்கத்துக்கு வேற பாக்கி இருந்தா அது. மிச்சம் சரக்குக்காரனுக்கு. ஆறு மாசத்தில் அவனிடம் சேர்க்க முடியலைன்னா அதுவும் அரசாங்கத்துக்கு. பெரும்பாலும் மிச்சம்னு ஒண்ணு இருக்காது, அது வேற கதை.

பிடிபட்ட சரக்கு ரெண்டாவது ரகம். அதைப் பறிமுதல் பண்ணி உத்தரவு போட்டா சரக்கு மத்திய அரசாங்கத்துச் சொத்து. சாதாரணச் சரக்கா இருந்தா அபராதம் கட்டி மீட்டுக்கன்னு ஒரு வாய்ப்பு கொடுத்தே ஆகணும். தடை செய்த சரக்குன்னா கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், அதிகாரி இஷ்டம். கேஸ் முடியுற வரைக்கும் தாங்காத சரக்குக்குத் தனி வழி இருக்கு. பட்டியல் எழுதி, போட்டோ எடுத்து, சாம்பிள் எடுத்து, மாஜிஸ்திரேட் கையெழுத்து வாங்கிட்டு, வித்தோ அழிச்சோ முன்கூட்டியே தீர்த்துடலாம். தங்கம்னா நாணயச் சாலைக்குப் போகும், வெளிநாட்டு சிகரெட்னா நெருப்புக்குப் போகும்.

உன் பூண்டுக்கு வர்றேன். சீனப் பூண்டுக்கு 2014லேயே தடை, பூஞ்சைக்குப் பயந்து போட்டது. சாப்பிடுற பொருள் எதுவா இருந்தாலும், மனுஷன் தின்னத் தகுந்ததுன்னு சோதனையில் தேறாமல் ஏலத்துக்கு வராது. பூச்சி, பூஞ்சை இருக்கிற விளைபொருள்னா தாவர நோய்த் தடுப்புக்காரங்க விட மாட்டாங்க. திருப்பி அனுப்பணும், இல்லை எரிக்கணும், புதைக்கணும். அதனால பிடிபட்ட பூண்டை நினைச்சு ஈரத்தோட விக்காதே. மண்டியை அடிக்கிறது பிடிபடாமல் தாண்டி வர்ற பூண்டுதான்.

கேத்திக்காரன்:
ரொம்ப நன்றி ஐயா. புதைச்சுட்டா அதோட முடிஞ்சுதா?

அருவங்காடு தாத்தா:
எங்கே முடியுது! 2024ல் உத்தரப் பிரதேசத்து மகராஜ்கஞ்ச்சில், நேபாள எல்லையில் பிடிச்ச சீனப் பூண்டைச் சோதனையில் ஆகாதுன்னு புதைச்சாங்க. அதிகாரிங்க தலை மறைஞ்சதும் ஊர்க்காரங்க மண்ணைத் தோண்டி அள்ளிட்டுப் போயிட்டாங்க, பேப்பர்லேயே வந்தது. புதைக்கிறதுக்கு முன்னாடி நசுக்கியோ எரிச்சோ உருத்தெரியாமல் பண்ணிடணும்னு நான் சொல்வேன்.

தீர்க்காமல் போட்டு வைக்கிறது அதைவிட மோசம். சென்னை மணலியில் 2015ல் பிடிச்ச அமோனியம் நைட்ரேட், கிட்டத்தட்ட 700 டன், அஞ்சு வருஷம் யார்டிலேயே கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி லெபனான் நாட்டு பெய்ரூட் துறைமுகத்தில் அதே ரசாயனம் 2,750 டன் வெடிச்ச பிறகுதான் இங்கே அவசர அவசரமா ஏலம் முடிச்சு ஹைதராபாத்துக்கு லாரி ஏத்தினாங்க. பெய்ரூட்டில் வெடிச்சது கப்பல்காரன் கைவிட்டுப் போன சரக்குதான்.

டில்லர் கேட்டியே. மின் ஏலம் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி.ங்கிற மத்திய அரசு நிறுவனத்தோட இணையதளத்தில் நடக்கும், பதிவு பண்ணி முன்பணம் கட்டணும். குன்னூர் தேயிலை ஏலம் மாதிரி சாம்பிளைக் கொதிக்க வெச்சுக் குடிச்சுப் பார்த்துக் கேக்குற இடம் இல்லை இது. இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில் எடுத்துக்கணும். சரக்கை லாட் லாட்டா, அதாவது தொகுப்பாத்தான் விடுவாங்க; ஒரு லாட்ல ஒரு டில்லரும் அதோட துருப்பிடிச்ச நாலு மோட்டாரும் சேர்ந்தே வரும், டில்லர் மட்டும் போதும்னா விட மாட்டாங்க. ஜி.எஸ்.டி. தனி. பணம் கட்டிட்டுச் சொன்ன நாளுக்குள்ள தூக்கலைன்னா வாடகை ஏறும். ஒரு டில்லருக்கு வேளாண் பொறியியல் துறை மானியமே மேல்.

கோத்தகிரி காட்டேஜ்:
தாத்தா, சரக்கு வேண்டாம், கன்டெய்னர் பெட்டி மட்டும் கிடைக்குமா? ரூம் போடலாம்னு ஒரு யோசனை.

அருவங்காடு தாத்தா:
ஏலத்தில் சரக்குதான் உங்களுது, பெட்டி கப்பல் கம்பெனியோடது. காலி பண்ணித் திருப்பிக் கொடுத்துடணும். பழசாகிக் கழிச்சுக் கட்டுற பெட்டியைக் கப்பல் கம்பெனிக்காரங்க தனியா விப்பாங்க, அதை விசாரிங்க. 20 அடியே பாருங்க. 40 அடி ட்ரெய்லர் இங்கே கொண்டை ஊசி வளைவுல திரும்புமான்னு விலை பேசுறதுக்கு முன்னாடியே லாரிக்காரரைக் கேட்டுக்குங்க.