அல்சூர் சொந்தங்கள்

ஞாயிறு

[காலை 9:12] அம்மா: அக்கா கும்பகோணம் திரும்பறதுக்குள்ள ஒரு இடமாவது காட்டணும். பெங்களூர் அரண்மனை போலாமா? வசந்த நகர்தான், ஆட்டோல போயிடலாம்

[9:15] குமார் சித்தப்பா: அங்க நாலு ரிசப்ஷன் சாப்பிட்டிருக்கேன். அரண்மனைய மட்டும் பாத்ததில்ல 😄

[9:16] ஹரிணி: சித்தப்பா, அது பேலஸ் கிரவுண்ட்ஸ்!

[9:20] பெரியம்மா: படி நிறைய இருக்குமாடி? முட்டி ஒத்துழைக்காது

[9:21] அம்மா: தர்பார் ஹால் மாடில. மெதுவா ஏறலாம்க்கா

[பகல் 12:40] ஹரிணி: 📷

[12:40] ஹரிணி: கீழ் முற்றம். நீல டைல்ஸ் பதிச்ச கல் பெஞ்ச். பெரியம்மா உக்காந்தவங்க எழுந்திருக்கவே இல்ல

[12:43] பெரியம்மா: குளுகுளுன்னு இருக்கு. நீங்க சுத்திட்டு வாங்க

[12:51] குமார் சித்தப்பா: யார் கட்டினதாம்?

[12:58] அம்மா: காரெட்னு ஒரு பாதிரியார். சென்ட்ரல் ஹைஸ்கூல்ல முதல் பிரின்சிபாலா இருந்தவர். 1873-ல அவர்கிட்டேருந்து மைசூர் சாமராஜேந்திர உடையாருக்காக வாங்கியிருக்காங்க. பையனுக்கு அப்ப 10 வயசு

[1:02] பெரியம்மா: 10 வயசுல நம்ம வீட்டுப் பிள்ளை சைக்கிள் கேட்டான். அதுக்கே தீபாவளி வரட்டும்னு இழுத்தடிச்சோம்

[1:10] ஹரிணி: தர்பார் ஹால்ல கலர் கண்ணாடி ஜன்னல். பெண்கள் உக்கார தனியா மறைப்பு வேற. ஆனா யானைக்காலை ஸ்டூலா பண்ணி வெச்சிருக்காங்க 😖

[1:11] பெரியம்மா: கண்றாவி! பிள்ளையாரப்பா

[1:12] பெரியம்மா: நல்லவேளை நான் கல்லுல உக்காந்தேன்

[1:30] ஹரிணி: வெளில வந்துட்டோம். எனக்கு உள்ளைவிட இதான் பிடிச்சிருக்கு. சுவத்துல கொடி, முன்னாடி புல்வெளி. தோட்டம் அமைச்சது ஜான் கேமரூன், அந்தக் காலத்துல லால்பாக் தோட்டத்தைப் பாத்துக்கிட்டவர். லால்பாக் கண்ணாடி மாளிகையும் (1889) அவர் காலத்துலதான். சௌசௌவ பெங்களூருக்குக் கொண்டுவந்தவரே அவர்தான்னு சொல்றாங்க

[1:31] பெரியம்மா: எது, பெங்களூர் கத்திரிக்காயா???

[1:31] பெரியம்மா: 50 வருஷமா கூட்டு வெக்கறேன், அந்தப் பேரு ஏன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல

[1:33] குமார் சித்தப்பா: ராஜா வீட்டைப் பாக்கப் போய் காய்கறிக்கு வந்து நின்னாச்சு 😂

[1:34] பெரியம்மா: சிரிக்காதீங்க மாப்பிள்ளை. ஹரிணி, போற வழில ஒரு கிலோ வாங்கு. பிஞ்சா பாத்து, நகம் இறங்கணும்

[1:35] குமார் சித்தப்பா: ராத்திரி நானும் வரேன்

[1:35] அம்மா: வரும்போது ஒரு தேங்காய் எடுத்துட்டு வாங்க