மறுமொழி: ‘பிரிவலன்ஸ்’ தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் தேவை)

ஹட்டன்: வணக்கம். தோட்டங்களுக்குக் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம். தலைப்பு, நாய் பூனைகளில் குருதி ஒட்டுண்ணித் தொற்றின் ‘பிரிவலன்ஸ்’. ‘பரவல்’ என்று போட்டுவிட்டேன். சரிதானே?

மாத்தளை: இல்லை தம்பி. பரவல் என்றால் நோய் நகர்கிறது என்று பொருள். இதுவோ தலைக்கணக்கு. நூறு நாய்களின் காதுநுனியில் குருதி எடுத்துப் பார்த்து, 12இல் பபேசியா என்ற ஒட்டுண்ணி இருந்தால் 12 வீதம். எப்போது தொற்றியது என்ற கேள்வியே இல்லை. புதிதாகத் தொற்றுவதைக் காலத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் அது ‘நிகழ்வு வீதம்’. ஆகவே இதற்கு ‘இருப்பு வீதம்’.

பதுளை: இருப்பு என்றால் கடைச் சரக்கு, ஐயா. குடித்தொகைப் பரம்பல் என்று படித்தோமே, அந்தப் ‘பரம்பல்’ போதாதா?

மாத்தளை: பரம்பல் எங்கெங்கே என்று சொல்லும், எத்தனை என்று சொல்லாது. மேலும் பரம்பு என்பது உழுத வயலை மட்டப்படுத்தும் பலகை. ஹட்டன் நாயும் ஹம்பாந்தோட்டை நாயும் ஒரே மட்டமா?

ஹட்டன்: அதைவிடப் பெரிய சிக்கல் வந்துவிட்டது. நேற்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஓர் அக்காவிடம் வரைவை வாசித்துக் காட்டினேன். ‘குருதி ஒட்டுண்ணி’ என்றதுமே நாயின் விரலிடுக்கை விரித்து, சாம்பல் நிறத்தில் ஊதிக்கிடந்த உண்ணியைப் பிடுங்கி, “இதானே? ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்குது” என்று தீப்பெட்டிக்குள் போட்டார்.

பதுளை: சொல்லைப் பிரித்தால் அக்கா சொன்னதுதான் சரி!

மாத்தளை: உண் + இ. எறும்புண்ணி போல. ஆனால் வேலியோர நாயுண்ணிச் செடி நாயையா தின்கிறது? ஒட்டுண்ணிக்குப் பதில் ‘புல்லுருவி’ என்று வைக்கலாம்.

பதுளை: மாமரத்தில் இருப்பது நாய்க்குள் எப்படிப் போகும்?

பேராதனை: மிருக வைத்தியம் படிக்கிறவள், குறுக்கிடுகிறேன். உங்கள் வரைவின் பட்டியலில் உள்ள எர்லிக்கியா ஒட்டுண்ணியே இல்லை, பற்றீரியா. பூனையின் சிவப்பணுவில் ஒட்டும் மைக்கோபிளாஸ்மாவும் அப்படியே. ஹெபட்டோசூன் ஒட்டுண்ணிதான், ஆனால் உண்ணி கடித்து வருவதில்லை. நாய் உண்ணியைக் கடித்து விழுங்கினால் வரும்.

பதுளை: அப்போ நாய்தான் உண்ணியுண்ணி.

பேராதனை: ‘உண்ணிக்காய்ச்சல்’ என்றும் போடாதீர்கள், அது மனிதருக்கு வருவதற்கும் பெயர். ‘இருப்பு வீதம்’ எனக்குச் சம்மதம், ஆனால் அரைமனதாக. நுணுக்குக்காட்டியில் தப்பியது பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் அகப்படும். அதே நாய்கள், வேறு வீதம்.

ஹட்டன்: சரி, அறிக்கையில் ‘இருப்பு வீதம்’. பிரசுரத்தில், “நூறு நாயில் எத்தனைக்கு இரத்தத்தில் கிருமி?” அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

மாத்தளை: இரத்தம் வடசொல். குருதியை ஏன் எடுத்தாய்?