கை முழுக்க எண்ணெய், போன் அடிக்கிறது: விசாரிப்பவர்களுக்கு உடனே பதில் சொல்வது எப்படி?

கோவை தெரபிஸ்ட்:
வணக்கம். வீட்டு முன்னறையிலேயே மசாஜ் தெரபி செய்கிறேன், பெண்களுக்கு மட்டும். உதவிக்கு ஆள் கிடையாது. ஒருவருக்கு ஒரு மணி நேரம், அப்புறம் விரிப்பு மாற்றி, தரையில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து அடுத்தவரைக் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம். அதற்குள் வருகிற போன் எதையும் எடுக்க முடிவதில்லை. கழுத்தில் கை வைத்திருக்கும்போது பாதியில் விட்டுவிட்டுப் போவது படுத்திருப்பவருக்குச் செய்கிற மரியாதையும் இல்லை. முடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால் 'வேற இடத்துல புக் பண்ணிட்டேங்க' என்கிறார்கள். தனியாக நடத்துகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? போன் எடுக்க ஆள் வைக்கிற அளவுக்கு இப்போது வருமானம் இல்லை.

மதுரை பிசியோ:
சிகிச்சை நடக்கும்போது போனை எடுக்காதீர்கள், அதில் நீங்கள் செய்வதுதான் சரி. வாட்ஸ்அப் பிசினஸில் (தொழில் செய்கிறவர்களுக்கான வாட்ஸ்அப்) 'அவே மெசேஜ்', அதாவது நாம் பார்க்க முடியாதபோது தானாகப் போகிற பதில், போட்டு வையுங்கள். ஆனால் யாராவது எழுதினால்தான் அது போகும், மிஸ்டு காலுக்குப் போகாது. அதனால் போர்டிலும் கூகுள் மேப் பக்கத்திலும் 'வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்' என்று பெரிதாகப் போடுங்கள். (கூகுள் பிசினஸ் பக்கத்தில் முன்பு இருந்த சாட் வசதி 2024 ஜூலையோடு நின்றுவிட்டது, அதை நம்பி இருக்க வேண்டாம்.) முக்கியமானது அந்தச் செய்தியில் என்ன எழுதுகிறோம் என்பது. 'விரைவில் தொடர்பு கொள்கிறோம்' என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், வலியில் இருக்கிறவர் அடுத்த நம்பருக்குப் போய்விடுவார். 'இப்போது ஒருவருக்குச் சிகிச்சை நடக்கிறது, 1 மணிக்கு நானே கூப்பிடுகிறேன், அதற்குள் எங்கே வலி, எத்தனை நாளாக என்று எழுதி வையுங்கள்' என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். சொன்ன நேரத்தில் கூப்பிட்டாக வேண்டும், அது தவறினால் இத்தனையும் வீண்.

நாகர்கோவில் அக்கா:
பிசியோ தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள் தங்கச்சி. நான் பிரசவமான பெண்களுக்கு வீட்டுக்கே போய் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். விசாரிப்பது பெரும்பாலும் மாமியாரோ கணவரோதான், 'கால் ரொம்ப வலிக்குதாம், நாளைக்கு வர முடியுமா' என்று ஒரே வரி. எந்தக் கால், வீக்கம் இருக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாகவோ சிவந்தோ வலித்தால் அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் அந்த ஆபத்து கூடுதல். அங்கே கையே வைக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் உன் பதிலுக்காக மாலை வரை உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது? அதனால் தானாகப் போகிற செய்தியிலேயே 'ஒரு காலில் மட்டும் வீக்கமோ, காய்ச்சலோ, மூச்சுத்திணறலோ இருந்தால் எனக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்' என்று கட்டாயம் எழுது. புக்கிங் போனால் போகட்டும்.

சேலம் ஸ்பா:
பெண் தெரபிஸ்ட் என்றதும் அசிங்கமாக விசாரிக்கிறவர்களும் வருவார்கள், அவர்களுக்கு உடனே பதில், தாமதமாகப் பதில் எதுவும் தேவையில்லை, நேராக பிளாக். தொழிலுக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். தானாகப் போகிற செய்தியின் முதல் வரியிலேயே 'பெண்களுக்கு மட்டும்' என்று இருந்தால் பாதித் தொல்லை குறையும். கட்டணம், முகவரி, வருமுன் எப்போது சாப்பிடலாம் என்பதையெல்லாம் வாட்ஸ்அப் பிசினஸின் 'குயிக் ரிப்ளை'யில் சேமித்துவிட்டால் சாய்வுக்கோடு (/) தட்டினாலே வந்து நிற்கும். விரிப்பு மாற்றுகிற இடைவெளியில் நாலு பேருக்குப் பதில் போட்டுவிடலாம்.

கோவை தெரபிஸ்ட்:
எல்லோருக்கும் நன்றிங்க. அக்கா, கால் வீக்கம் பற்றிய வரியை இப்போதே சேர்த்துவிட்டேன். ராத்திரி 11 மணிக்கு எழுதுகிறவர்களுக்கு என்ன செய்வீர்கள்?

மதுரை பிசியோ:
அதற்கும் அதே செய்திதான், நேரம் மட்டும் 'காலை 9 மணிக்குக் கூப்பிடுகிறேன்' என்று மாற்றிவிடுங்கள். போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.