குன்னத்து முட்டையும் எங்கள் வீட்டுப் பெருமாளும்

*குழு: தாத்தா வீட்டு உறவுகள்*

*பெரியம்மா:* (முன்னனுப்பிய செய்தி) பெரம்பலூர் அருகே குன்னத்தில் மண் எடுத்தபோது டைனோசர் முட்டைகள் கண்டெடுப்பு! பத்துப் பேருக்கு அனுப்பவும்.

*மைதிலி:* பெரியம்மா, இது 2020 அக்டோபரில் வந்தது. அப்போதும் நீங்கள்தான் அனுப்பினீர்கள்.

*சித்தப்பா:* முட்டையே இல்லை, மன்னி. புவியியல் வல்லுநர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அந்த வட்டாரத்தில் பெரும்பகுதி கடல். சேற்றில் புதைந்த ஓர் அம்மோனைட் அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் தன்மை மாறும். சுண்ணாம்பு படிந்து, சேற்றைச் சிமெண்ட் போலக் கட்டி உருட்டிவிடும். பிறகு வெளிமண் கரைந்தாலும் உருண்டை கரையாது.

*கண்ணன்:* அம்மோனைட் என்றால்?

*சித்தப்பா:* கணவாய்க்குத் தூரத்து உறவு. ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட ஓடு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போன சமயத்தில் அதுவும் போயிற்று.

*பெரியம்மா:* செந்துறையில் நிஜமான முட்டை கிடைத்ததே, ரகு. பேப்பரில் படித்தேன்.

*சித்தப்பா:* அது 2009. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் எது உருண்டையாகக் கிடைத்தாலும் முட்டைதான்.

*மைதிலி:* உருண்டை, உள்ளே சுருள்… சித்தப்பா, நாம் பெருமாளாகப் பூஜிக்கும் சாளக்கிராமக் கல்கூட இதுதானா?

*சித்தப்பா:* அதே சாதிதான். நேபாளத்தில் முக்திநாத் பக்கம் காளி கண்டகி ஆறு கறுப்புக் களிப்பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. உருண்டைகள் உதிர்ந்து ஆற்றில் விழுகின்றன. உள்ளே இருப்பது ஜுராசிக் கால அம்மோனைட். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே டெத்திஸ் கடல் இருந்தது.

*பெரியம்மா:* பெருமாள் கடலில் இருந்தார் என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தார்களா? திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம் அது. துளசியின் சாபத்தால் பெருமாள் கல்லானார். வஜ்ரகீடம் என்ற பூச்சி பல்லால் குடைந்து உள்ளே சக்கரம் வரைந்தது. உங்கள் தாத்தா சொன்ன கதை.

*மைதிலி:* பூச்சிக் கதை முக்கால்வாசி சரியாக இருக்கிறதே! சக்கரம் ஓர் உயிர் வரைந்ததுதான். குடையவில்லை, குடியிருந்தது.

*கண்ணன்:* உடைத்துப் பார்க்கலாமா?

*பெரியம்மா:* கண்ணா!!!

*கண்ணன்:* இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*பெரியம்மா:* நீக்கினாலும் நான் படித்துவிட்டேன்.

*சித்தப்பா:* பொன் ரேகை ஓடினால் ஹிரண்யகர்ப்பம் என்பார்கள். பொன் போல மினுக்குவது பெரும்பாலும் பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. அதற்காக உடைக்க வேண்டாம்.

*பெரியம்மா:* இதற்குப் பதில் சொல், ரகு. சாளக்கிராமம் வளரும் என்கிறார்களே, நம்முடையது வளர்ந்திருக்கிறது. வெள்ளிச் சம்புடத்தின் மூடி சேரமாட்டேன் என்கிறது.

*கண்ணன்:* சந்தனம் படிந்திருக்கும், பெரியம்மா.

*சித்தப்பா:* ஆற்றில் கிடக்கும் கல் தேயும், மன்னி. வளராது. வளர்ந்ததெல்லாம் கடலடியில் இருந்த காலத்தோடு சரி.

*பெரியம்மா:* என் மாமனார் 1987-இல் மஞ்சள் நூலால் சுற்றளவு எடுத்து, முடிச்சுப் போட்டுச் சம்புடத்திலேயே வைத்திருக்கிறார். நாளை திருமஞ்சனம் ஆனதும் அளந்துவிடுகிறேன்.

_மறுநாள் காலை 8.40_

*பெரியம்மா:* (புகைப்படம்) சந்தனத்தையெல்லாம் துடைத்துவிட்டு அளந்தேன்.

*மைதிலி:* நூல் சுற்றி வந்த பிறகும் முடிச்சு தொங்குகிறதே?

*பெரியம்மா:* ஒரு விரற்கடை மிச்சம். மூடியும் சேர்ந்துவிட்டது.

*கண்ணன்:* அப்படியானால் பெருமாள் இளைத்துவிட்டார்.

*சித்தப்பா:* பழைய நூல், மன்னி. தளர்ந்திருக்கும். இல்லாவிட்டால் தாத்தா சந்தனத்தோடு அளந்திருப்பார்.

*பெரியம்மா:* அவர் அப்படி அளக்கிறவர் இல்லை. போன மாதம் மூட்டு அறுவைக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சம்புடம் உன் வீட்டில்தானே இருந்தது? ஒன்பது நாளும் சமைத்துத் தளிகை கண்டருளப் பண்ணினாயா? உண்மையைச் சொல்.

*மைதிலி:* ஐந்து நிமிடமாக "சித்தப்பா தட்டச்சு செய்கிறார்" என்றே காட்டுகிறது.

*சித்தப்பா:* இரண்டு நாள் வெறும் பால்.